கோவை, ஈரோடு அருங்காட்சியகங்கள்: வீட்டுப் பெரியவர்களோடு போக வழி சொல்லுங்கள்

நொய்யல்கரை எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு சிங்காநல்லூரில். எனக்குச் சொந்த ஊர் காங்கயம் பக்கம். வீட்டுக்காரர் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்னால் பாலக்காட்டில் இருந்து மில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டது. மாமியார் பேசுவது மலையாளம். என் அம்மா வந்துவிட்டால் வீடு முழுக்கக் கொங்குத் தமிழ். எதிர்வீட்டில் தெலுங்கு. மாடியில் குடியிருப்பவர்கள் ராஜஸ்தான்காரர்கள். ஆறாவது படிக்கும் என் மகள் இதற்குள்ளேயே வளர்ந்தவள், இதையெல்லாம் யோசித்துப் பார்த்ததே இல்லை.

போன மாதம் பள்ளியில் 'என் ஊரின் வரலாறு' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த பெண், "உங்க வீட்ல மலையாளம்தானே பேசறீங்க, இது எப்படி உன்னோட ஊராகும்?" என்று கேட்டுவிட்டாள். சின்னப் பிள்ளை கேட்டது, அதில் ஒன்றுமில்லை. ஆனால் இவள் வீட்டுக்கு வந்து அதையே என்னிடம் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அன்று ராத்திரி வெகுநேரம் தூங்காமல் கிடந்தேன்.

அரையாண்டு விடுமுறையில் அவளையும், மாமியாரையும், அம்மாவையும் கூட்டிக்கொண்டு கோவை, ஈரோடு பக்கம் இருக்கிற அருங்காட்சியகங்களைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். போன வருடம் ஒரே நாளில் மூன்று இடம் போனோம். மூன்றாவது இடத்தில் பிள்ளை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், உள்ளே வரவே இல்லை. அந்தத் தப்பை மறுபடி செய்ய விருப்பமில்லை.

நான் கேட்பது இதுதான். இந்த ஊருக்கு யார் யாரெல்லாம் வந்தார்கள், என்ன கொண்டுவந்தார்கள் என்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்கிற மாதிரி எந்த இடத்தில் எந்தப் பொருள் இருக்கிறது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஆர்எஸ்புரத்தான் எழுதியது:

நல்ல வேலை செய்கிறீர்கள். சுருக்கமாக நான்கு விஷயம் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு ஒரே இடம். காலையில் திறந்ததும் போய்விடுங்கள், சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுங்கள். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பலர் அன்றைக்குப் போய் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மற்ற இடங்களுக்கும் கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், பெரியவர்களுக்கு மடக்கு நாற்காலி ஒன்று வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். பல கூடங்களில் உட்கார இடமே கிடையாது.

---

பாவடி எழுதியது:

அக்கா, உங்கள் கேள்வி எனக்கு நெஞ்சில் தைத்தது. நாங்கள் வீட்டில் பேசுவது கன்னடம், நெசவுக் குடும்பம். எத்தனை தலைமுறைக்கு முன்னால் வந்தோம் என்று யாருக்கும் தெரியாது. கன்னடம் பேசுவோமே தவிர எழுதப் படிக்கத் தெரியாது. கணக்கு நோட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் தமிழ்தான். உங்கள் மகளிடம் கேட்டதை என்னிடமும் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள்.

சில வருடத்துக்கு முன் எங்கள் அஜ்ஜியை, அதாவது பாட்டியை, ஒரு ஜவுளிக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனேன். எந்த இடம் என்பது வேண்டாம். ஒரு மூலையில் கைத்தறி வைத்திருந்தார்கள். சுற்றிலும் கயிறு கட்டி, முன்னால் ஒரு அட்டை: 'கைத்தறி, மரம்.' அவ்வளவுதான். நான் அட்டையைப் படித்துவிட்டு அடுத்த பக்கம் நகர்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அஜ்ஜி அங்கேயே நிற்கிறார். நல்லா அஞ்சு நிமிசம் ஆகிவிட்டது.

"இதுல நெய்ய முடியாது" என்றார்.

ஏன் என்று கேட்டேன். விழுது என்றால் நீளவாட்டு நூலான பாவைத் தூக்கி இறக்குகிற கண்ணி வரிசை. அதன் கயிற்றை மாற்றிக் கட்டியிருக்கிறார்களாம். மிதியை அமுக்கினால் ஒரு விழுது ஏறி இன்னொன்று இறங்க வேண்டும். அப்போதுதான் பாவு இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கும், குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா உள்ளே ஓடும். இதில் இரண்டு விழுதும் சேர்ந்தே ஏறும், பாவு திறக்காது என்றார். குனிந்து பார்த்தேன், அவர் சொன்னபடியே இருந்தது. அதற்கு முன்னால் எத்தனை பேர் அந்தத் தறியைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்களோ.

அப்புறம் அவராகவே பேச ஆரம்பித்தார். குழித்தறி ஏன் குழிக்குள் இருக்கிறது? காலை நீட்டி மிதிக்க வசதி என்று நான் நினைத்திருந்தேன். அது ஒரு காரணம்தான், மண்ணின் ஈரம் நூலில் பட்டுக்கொண்டே இருந்தால் இழை அறாது, அதுதான் பெரிய காரணம் என்றார். பாவு நீட்டுகிற திறந்த இடமான பாவடியில் விடியும் முன்னாலேயே பாவை நீட்டிக் கஞ்சி போட்டுவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பிரஷ் ஓட்டும் முன்பே கஞ்சி காய்ந்து நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பிரித்தெடுக்க ஒரு நாள் போய்விடும். இழை அறுந்தால் விரலில் சாம்பலைத் தொட்டு முறுக்கி ஒட்டுவார்கள். அதை வெறுங்கையில் செய்து காட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் ஒரு தடவை உருண்டன, அவ்வளவுதான். நாற்பது வருடம் தறியில் இருந்த கை. எங்களைக் கயிற்றுக்கு வெளியே போகச் சொல்ல வந்த காவலர் கடைசிவரை நின்று கேட்டார்.

அதனால் என் யோசனை இது. நீங்கள் பிள்ளைக்கு விளக்கம் சொல்லாதீர்கள். மாமியாரையும் அம்மாவையும் முன்னால் போகவிடுங்கள். அவர்கள் எந்தப் பொருளின் முன்னால் நிற்கிறார்களோ அங்கே நின்றுவிடுங்கள்.

மில் குடும்பம் என்பதால் அவிநாசி ரோட்டில் இருக்கிற கஸ்தூரி ஸ்ரீநிவாசன் கலைக்கூடத்தையும் ஜவுளி அருங்காட்சியகத்தையும் முதல் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர், 1956-இல் தொடங்கிய சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர். தொழில் படித்த ஒருவர் ஜவுளியையும் ஓவியத்தையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருக்கிறார் என்பதே எனக்குப் பிடித்த விஷயம். போகும் முன் மகளுக்கு ஒன்று சொல்லிவையுங்கள். கோவையில் முதல் நூற்பாலையை 1888-இல் தொடங்கியவர் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர். 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்தில் இருந்து மின்சாரம் வந்த பிறகு மில்கள் வரிசையாக முளைத்தன. உங்கள் மாமனார் குடும்பம் வந்த கதை அதில்தான் தொடங்குகிறது.

---

அவிநாசிரோடு எழுதியது:

அம்மிணி, ஆறாவது படிக்கிற பிள்ளைக்கு ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். கலங்கல் என்ற கிராமத்தில் 1893-இல் பிறந்தவர். 1920-இல் ஒரே ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டியவர். அவரது தொழிற்கூடத்தில் இருந்து 1937-இல் மோட்டார் வந்தது, இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். இன்றைக்குக் கோவை மோட்டார் பம்ப்செட் ஊராக இருப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. அவர் சேர்த்துவைத்த கருவிகளைப் பார்த்தால், 'இதைத் திறந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கும்' என்ற கேள்வியோடவே வாழ்ந்த மனிதர் என்று தெரியும். 2015-இல் திறந்த கார் அருங்காட்சியகமும் அந்தக் குடும்பத்தாருடையதுதான். பிள்ளைகள் அங்கிருந்து வர மாட்டேன் என்பார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை, மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இவர் தெலுங்கு, இவர் கன்னடம், இவர் மலையாளம் என்று பிள்ளைக்கு எதற்குப் பிரித்துக் காட்ட வேண்டும்? நாயுடுவை நாங்கள் கோயமுத்தூர்க்காரர் என்றுதான் பார்த்தோம். எல்லாரும் ஒரே ஊர் என்று சொல்லி வளர்த்தால் போதாதா? நீங்கள் ஆளாளுக்கு வேர் தேடிக் காட்டினால், அந்தப் பள்ளிப் பெண் கேட்ட கேள்வி இன்னும் பெரிதாகத்தானே ஆகும்?

---

பாவடி எழுதியது:

அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நான் வளர்ந்தது அப்படித்தான். 'எல்லாரும் ஒண்ணுதான்' என்று வீட்டில் சொன்னார்கள், வேறு எதுவும் சொல்லவில்லை. அதனால் வெளியே யாராவது "நீங்க எந்த ஊர்க்காரங்க" என்று கேட்டால் எனக்கு வெட்கமாக இருக்கும், ஏதோ மறைப்பது போல. அஜ்ஜி அந்தத் தறி முன்னால் பேசிய நாளில்தான் அந்த வெட்கம் போனது. இந்த ஊர் உடுத்திய சேலையில் எங்கள் வீட்டு உழைப்பும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. ஒரே ஊர் என்று நீங்கள் சொல்வது சரி. அது எத்தனை பேர் சேர்ந்து ஆன ஊர் என்று தெரிந்தால்தான் அந்தச் சொல்லுக்கு எடை வரும். பவானி ஜமக்காளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை நெய்து பெயர் வாங்கிக் கொடுத்தவர்களில் ஜங்கமர்கள் முக்கியமானவர்கள், அவர்களும் கன்னடம் பேசுகிறவர்கள்தான். ஜமக்காளம் விரிக்காமல் கொங்கு நாட்டில் எந்த விசேஷம் நடந்திருக்கிறது?

---

அவிநாசிரோடு எழுதியது:

நீங்கள் சொன்ன வெட்கம் எனக்குத் தெரியாமல் இருந்தது தம்பி. யோசிக்கிறேன்.

---

டாப்ஸ்லிப்காற்று எழுதியது:

ஆர்.எஸ்.புரம் வனக் கல்லூரி வளாகத்தில் காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. வனப் பாதுகாவலராக இருந்த காஸ் என்ற ஆங்கிலேயர் 1902-இல் தொடங்கியது. பழைய கட்டிடம், மர அலமாரிகள், உள்ளே போனாலே ஒரு மர வாசனை. யானை எலும்புக்கூடு, காட்டெருமை, நூற்றுக்கணக்கில் மரத்துண்டுகள். சிறுவயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனபோது யானையைத்தான் பார்த்தேன். இப்போது போனால் மரங்களைப் பார்க்கிறேன். தேக்கு, ஈட்டி, சந்தனம் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எது எந்த நிறம், எதில் வளையம் நெருங்கியிருக்கிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

ஆனைமலைத் தேக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் கட்ட பம்பாய் வரை போனது. மலை உச்சியில் இருந்து மரங்களைச் சரியவிட்டதால்தான் அங்கே இருக்கிற டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பெயரே வந்தது. வெட்டி வெட்டி மொட்டையான காட்டை ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி மறுபடி வளர்த்தெடுத்தார். 1933-இல் இறந்த அவரைத் தாம் வளர்த்த தேக்குகளுக்கு நடுவிலேயே புதைத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு வருத்தம் வரும். காஸ், வுட் இரண்டு பேரின் பெயரும் நமக்குத் தெரிகிறது. அந்தக் காட்டில் எந்த மரம் எங்கே நிற்கிறது என்று அவர்களுக்கு வழிகாட்டிய பழங்குடியினரான காடர், மலசர் யாருடைய பெயரும் நமக்குத் தெரியாது. யானை பழக்கிய கை அவர்களுடையது. தேன் எடுக்கக் கொடி ஏணி கட்டி மரம் ஏறியவர்கள் அவர்கள். ஊருக்கு வந்தவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். எல்லாருக்கும் முன்னால் இங்கேயே இருந்தவர்களைப் பற்றியும் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஊட்டிக்குப் போகிற வாய்ப்பு வந்தால் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே தோடர், கோத்தர், குறும்பர், இருளர் பயன்படுத்திய பொருட்களைப் பார்க்கலாம்.

---

பழையகோட்டைமேடு எழுதியது:

சலாம். எங்கள் வீட்டில் உருது பேசுவோம். கோட்டைமேடு என்று பெயர் இருக்கிறது, கோட்டை இல்லை. 1791-இல் திப்புவின் படைகள் முற்றுகையிட்ட கோட்டை அது. இன்றைக்கு ஊர் மக்களுக்குப் பெயர் மட்டும் மிச்சம்.

அருங்காட்சியகம் பற்றி எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. எங்கள் தாதா (அப்பாவின் அப்பா) வியாபாரக் கணக்கு எழுதிய நோட்டுகள் ஆறு இருந்தன. ஒரு பக்கம் உருது, எதிர்ப் பக்கம் தமிழ். கடன் வாங்கியவர் தமிழ் படிக்கிறவராக இருந்தால் அவருக்குக் காட்டத் தமிழ்ப் பக்கம். நடுவில் தமிழ் எண்களில் கூட்டல். வீட்டில் கரையான் வந்ததால், நாலு பேர் பார்க்கட்டும் என்று ஒரு இடத்துக்குக் கொடுத்தோம். பெயர் சொல்ல மாட்டேன். மூன்று வருடம் கழித்து என் மகன் பார்க்க ஆசைப்பட்டான் என்று கூட்டிப்போனேன். அப்படி ஒரு பொருள் வந்ததாகவே பதிவில் இல்லை என்றார்கள். வாங்கிவைத்தவர் மாறிப் போய்விட்டார். எங்கள் கையில் ரசீது இல்லை, ஒரு போட்டோ கூட எடுத்துவைக்கவில்லை.

யாராவது வீட்டுப் பொருளை எங்காவது கொடுப்பதாக இருந்தால், பதிவு எண் எழுதிய ரசீதை வாங்காமல் கொடுக்காதீர்கள். கொடுக்கும் முன் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பொருளோடு யாருடையது, எதற்குப் பயன்பட்டது என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். இதை எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

---

தேக்காவில்திருப்பூர் எழுதியது:

நான் திருப்பூர். எட்டு வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை போக வேறு இடம் இல்லாததால் அங்கே இருக்கிற அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் போய்விட்டேன். பல இனம் சேர்ந்து வாழ்கிற ஊர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்கிறது என்பதற்கு அது ஒரு மாதிரி.

லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேனில் 2015-இல் இந்திய மரபுடைமை நிலையம் திறந்தார்கள். உள்ளே செட்டிநாட்டு வாசல்நிலை ஒன்று இருக்கிறது, மேலிருந்து கீழ்வரை நுணுக்கமான செதுக்கு வேலை. வீட்டு ஞாபகத்தில் அதன் முன்னால் நின்று கண் கலங்கியிருக்கிறேன். மலாய் மக்களுக்குக் கம்போங் கிளாமில் தனி நிலையம். அப்புறம் பெரனாக்கான் அருங்காட்சியகம். வெளியில் இருந்து வந்தவர்கள் உள்ளூரில் பெண் எடுத்து, கலந்து உருவான குடும்பங்கள் அவர்கள். சீனப் பெரனாக்கான் மட்டும் இல்லை, மலாக்கா செட்டிகள் என்று தமிழ் வழி வந்தவர்களும் உண்டு. மலாய் பேசுவார்கள், சாமி கும்பிடுவது நம் முறை. பாலக்காட்டு மாமியாரும் காங்கயத்து அம்மாவும் இருக்கிற உங்கள் வீட்டைப் படித்ததும் எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் ஒன்பதாம் நூற்றாண்டில் முழுகிப்போன ஒரு கப்பலின் சரக்கு இருக்கிறது. 1998-இல் பெலித்துங் தீவுப் பக்கம் கண்டுபிடித்தது. சுமார் 60,000 பீங்கான் பொருட்கள், பெரும்பாலும் சாப்பாட்டுக் கிண்ணங்கள். சரக்கு சீனத்தது, கப்பல் கட்டிய முறை அரபுக் கடல் பக்கத்தது. ராஜாவின் கிரீடத்தைக் காட்டிலும் அந்தக் கிண்ணங்கள்தான் எனக்குப் பிடித்தன.

ஆனால் ஒன்று. அங்கே இனத்துக்கு ஒரு கட்டிடம் என்று இருக்கிறது. நமக்கு அப்படி வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஊரில் எல்லாம் ஒரே தெருவில், ஒரே வீட்டில் கலந்து கிடக்கிறது. பழையகோட்டைமேடு பாய் சொன்ன நோட்டில் உருதுவும் தமிழும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தனவே, அதை எந்தக் கட்டிடத்தில் வைப்பது? அந்த நோட்டு கிடைத்திருந்தால் கோவையின் அருங்காட்சியகத்தில் நுழைந்தவுடன் முதல் பெட்டியில் அதைத்தான் வைத்திருக்க வேண்டும். நிஜமாகவே மனது கஷ்டமாக இருக்கிறது பாய்.

---

சென்னிமலைவழி எழுதியது:

இங்கே எல்லாரும் எழுதியதை இப்போதுதான் முழுவதும் படித்தேன். அக்கா, உங்கள் மகளுக்கான பதில் கொடுமணலில் இருக்கிறது.

சென்னிமலைப் பக்கம், நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வருகிற ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பின்னால் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் தோண்டினார்கள். இரும்பு உருக்கிய உலை, பெருங்கற்கால ஈமச்சின்னங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்மணி செய்த பட்டறைகள். முடிந்த மணி மட்டும் கிடைத்திருந்தால் எங்கிருந்தோ வாங்கியது என்று சொல்லிவிடலாம். இங்கே கச்சாக் கல், கொத்தி உருவம் கொடுத்தது, தேய்த்தது, பாதி துளைத்தது என்று எல்லா நிலையிலும் கிடைத்தது. துளை போடும்போது கல் உடைந்தால் வேலைக்காரன் தூக்கி எறிந்திருக்கிறான். எனக்கு அந்த உடைந்த மணிதான் முழு மணியைவிட உசத்தி. அது கைதவறிய நொடி அப்படியே மண்ணுக்குள் இருந்திருக்கிறது.

கல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பச்சைக்கல் உங்கள் காங்கயத்துப் பக்கம் படியூரில் இருந்து. சூதுபவளம் குஜராத் பக்கத்தில் இருந்து வந்திருக்க வேண்டும். நீலநிற லாபிஸ் லசூலி ஆப்கானிஸ்தானில் இருந்து. பானை ஓடுகளில் பழைய தமிழ் எழுத்தான தமிழ்-பிராமியில் பெயர்கள் கீறியிருக்கிறார்கள். அதில் தமிழ்ப் பெயரும் உண்டு, பிராகிருதப் பெயரும் உண்டு. வடக்கில் இருந்து வந்தவர்களோ அவர்கள் வழி வந்தவர்களோ தங்கள் பெயரை எழுத, தமிழில் இல்லாத 'ஸ' எழுத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். 'நிகம' என்று எழுதிய ஓடும் கிடைத்தது, வணிகக் குழு என்று பொருள். ஆக, இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே நொய்யல் கரையில் ஒரே பட்டறைத் தெருவில் பல பேச்சுக் கேட்டிருக்கிறது.

இன்னொன்று. கிரேக்க, ரோம வணிகர்களின் சரக்கு மேற்குக் கடற்கரையில் இருந்து கொங்கு நாட்டுக்கு வந்த வழி பாலக்காட்டுக் கணவாய். அந்தப் பாதையில்தான் வெள்ளலூர் இருக்கிறது. 1842-இல் அங்கே 500-க்கும் மேற்பட்ட ரோம வெள்ளிக்காசுகள் கிடைத்தன, பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் என்ற ரோமப் பேரரசர்களின் காலத்தவை. உங்கள் மாமியார் குடும்பம் மில் வேலைக்கு வந்ததும் அதே கணவாய் வழியாகத்தான். சிங்காநல்லூரில் இருந்து வெள்ளலூர் கூப்பிடு தூரம். இதை உங்கள் மகளிடம் அவசியம் சொல்லுங்கள்.

கொடுமணலில் போய்ப் பார்த்தால் காடும் கல்வட்டங்களும்தான் தெரியும். 2025 நிதிநிலை அறிக்கையில் ஈரோட்டில் 22 கோடி ரூபாயில் நொய்யல் அருங்காட்சியகம் அமைப்பதாக அறிவித்திருக்கிறார்கள். மண்ணில் கிடைத்தது அந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! அது வரும்வரை ஈரோடு அரசு அருங்காட்சியகத்தைப் பாருங்கள், கரூர் அருங்காட்சியகத்துக்கும் ஒரு நாள் வையுங்கள்.

ஈரோடு போனால் பெரியார்–அண்ணா நினைவு இல்லம் நடுவூரிலேயே இருக்கிறது. பெருந்துறையைத் தாண்டி விஜயமங்கலத்தில் சமணக் கோயில், ஊரில் நெட்டைக் கோபுரம் என்பார்கள். சந்திரப்பிரப தீர்த்தங்கரருக்கு எடுத்தது. கர்நாடகத்து அமைச்சர் சாமுண்டராயரின் தங்கை புலியப்பை இங்கே வந்து நோன்பிருந்து உயிர்விட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. அமைதியான இடம், பெரியவர்களுக்கு ஏற்றது.

அப்புறம் அறச்சலூர். நாகமலைக் குகையில் இசைக் கல்வெட்டு. புலவர் செ. இராசு வெளிக்கொண்டுவந்தது. ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து:

த தை தா தை த
தை தா தே தா தை
தா தே தை தே தா
தை தா தே தா தை
த தை தா தை த

இடமிருந்து, வலமிருந்து, மேலிருந்து, கீழிருந்து எப்படிப் படித்தாலும் ஒன்றேதான். இந்த எழுத்துகளைச் சேர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பக்கத்தில் பொறித்திருக்கிறது. மணிக்கல்லைச் சோதித்துப் பார்க்கிறவன் வண்ணக்கன். கொடுமணலில் மணி செய்த நாட்டில், மணி பார்க்கிற ஒருவன் தாளத்தைக் கல்லில் எழுதியிருக்கிறான். ஏறுவது கொஞ்சம் சிரமம், வழி தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். பெரியவர்களைக் கீழே நிழலில் உட்கார வையுங்கள்.

---

ஆர்எஸ்புரத்தான் எழுதியது:

வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-இல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்டதற்கு நேரடித் தொடர்பு இல்லைதான், ஆனால் பிள்ளைக்குப் பிடிக்கும்.

---

நொய்யல்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம். ஐந்து நாளில் நான்கு இடம்.

பாவடி தம்பி சொன்னபடி பெரியவர்களை முன்னால் விட்டேன். ஜவுளி அருங்காட்சியகத்தில் மாமியார் முதலில் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வேலை நேரத்துக்கு ஊதுகிற மில் சங்கைப் பற்றி ஆரம்பித்தார். முதல் சங்குக்கு அடுப்பு பற்றவைப்பது, இரண்டாம் சங்குக்கு மாமனார் சைக்கிளை எடுப்பது, ராத்திரி வேலை முடிந்து வந்தால் புருவம் முழுக்கப் பஞ்சு வெள்ளையாக இருக்கும், கூப்பிட்டு உட்கார வைத்துத் துடைப்பாராம். நாற்பது வருடம் முன்னால் நடந்ததை நேற்று நடந்தது போல மலையாளத்தில் சொன்னார். மகள் அதைத் தமிழில் என் அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தன வருசமா பழகறோம், இதச் சொல்லவே இல்லையே சம்பந்தி" என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அம்மா ஊருக்குப் போனோம். ஊருக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு புலிகுத்திக்கல் உண்டு, புலியோடு சண்டையிட்டு இறந்த வீரனுக்கு நட்ட கல். சின்ன வயதில் அதன்மேல் ஏறி விளையாடியிருக்கிறேன், ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. இந்த முறை மகளோடு மண்ணில் உட்கார்ந்து பார்த்தேன். இடுப்பளவு உயரம். புலி பின்னங்காலில் எழுந்து நிற்கிறது. வீரனின் ஒரு கை ஈட்டியை அதன் வயிற்றில் இறக்குகிறது, இன்னொரு கையில் குறுவாள். கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. புலியின் வால் மட்டும் இப்போது செதுக்கியது போல வளைந்து நிற்கிறது, முகம் மஞ்சளும் எண்ணெயும் பூசிப் பூசி வழுவழுவென்று ஆகிவிட்டது. எழுத்து ஒன்றும் இல்லை. "இவரு யாரு அம்மச்சி?" என்று கேட்டாள். "பட்டி மாட்டக் காக்கப் போயி உசிர விட்டவரு கண்ணு. பேரு எனக்கும் தெரியாது. எங்க ஆத்தாளுக்கும் தெரியாது. ஆனா வருசம் தவறாம பொங்கல் வெச்சிருவோம்" என்றார் அம்மா.

அறச்சலூர் மலைக்கு நானும் மகளும் உள்ளூர் அண்ணன் ஒருவரும் மட்டும் ஏறினோம். எழுத்துகளைப் பார்த்து நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டாள். கீழே இறங்கி வந்ததும் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினாள். மாமியார் சின்ன வயதில் திருவாதிரைக்குக் கைகொட்டிக்களி என்ற கேரளத்துப் பெண்கள் ஆட்டம் ஆடியவர். இரண்டு வரி கேட்டதும் அவருக்குக் கை தானாக எழுந்துவிட்டது. தாளம் போட ஆரம்பித்தார், பிள்ளையும் சேர்ந்துகொண்டாள். மூன்றாவது வரியில் இருவருக்கும் தப்பும், மறுபடி முதலில் இருந்து. கார் ஈரோடு வந்து சேரும்வரை அதுதான் ஓடியது.

கட்டுரையை நேற்று எழுதி முடித்தாள். நான் திருத்தவில்லை. கொடுமணல் உடைந்த மணியில் ஆரம்பித்து, தாத்தாவின் புருவத்துப் பஞ்சில் முடித்திருக்கிறாள்.

பழையகோட்டைமேடு பாய், நீங்கள் எழுதியதைப் படித்த அன்றே மாமனாரின் பழைய மில் அடையாள அட்டையையும் சாப்பாட்டுத் தூக்கையும் போட்டோ எடுத்து, யாருடையது என்று எழுதி வைத்துவிட்டோம்.

அடுத்த ஞாயிறு வெள்ளலூர் போக வேண்டும் என்கிறாள். காசு கிடைத்த இடம் எது என்று காட்டத் தெரிந்தவர்கள் யாராவது அந்தப் பக்கம் இருக்கிறீர்களா?